பொருள்: டிராஃப்ட், மாக் டிராஃப்ட் – தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

டல்லாஸ்வாசி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். ஒரு விளையாட்டுச் செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கிரிக்கெட், கபடி வரை வண்டி ஓடியது. அமெரிக்கக் கால்பந்து வந்ததும் நின்றுவிட்டது. வியாழன் இரவு என்.எஃப்.எல். (அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்) டிராஃப்ட் தொடங்குகிறது. அதற்குள் சரங்களை (செயலியில் தெரியும் சொற்களை) ஒப்படைக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காக: கல்லூரியில் ஆடி முடித்த வீரர்களை 32 தொழில்முறை அணிகளும் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி இது. ஏழு சுற்று. போன பருவத்தில் கடைசியில் கிடந்த அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. எந்த அணி யாரை எடுக்கும் என்று பல மாதம் முன்பிருந்தே ஆளாளுக்குப் பட்டியல் போடுவார்கள். அணியில் எந்த இடத்துக்கு ஆள் போதவில்லை என்று பார்த்து, அதற்குத் தோதான பையனை அங்கே நிரப்புவார்கள். இதுதான் மாக் டிராஃப்ட்.

எனக்கு வேண்டியவை மூன்று: டிராஃப்ட், மாக் டிராஃப்ட், அப்புறம் 'டீம் நீட்ஸ்'. பொத்தானில் இடம் குறைவு. நீளமாகப் போனால் சொல் பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளி வந்துவிடும். நான் எழுதிப் பார்த்தது 'போலி வரைவு'. ஏதோ கள்ளப் பத்திரம் மாதிரி இருக்கிறது.

விளையாட்டுப்பக்கம் (சென்னை) எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'வீரர்கள் ஏலம்' என்று போடுங்கள். ஐ.பி.எல். வந்ததிலிருந்து நாங்கள் பத்திரிகையில் அதைத்தான் எழுதுகிறோம். டீக்கடையில் கேட்டாலும் புரியும்.

டல்லாஸ்வாசி எழுதியது:

அண்ணே, ஏலத்தில் பணம் பேசும். இங்கே யாரும் கை தூக்கி விலை கேட்பதில்லை. 2011இல் போட்ட தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது ஆளாக எடுக்கிறார்களோ அதை வைத்தே புதியவர்களின் சம்பளம் கிட்டத்தட்ட முடிவாகிவிடுகிறது.

டிராஃப்ட் பிறந்ததே பணக்கார அணிகளின் கையைக் கட்டத்தான். 1930களில் நியூயார்க் ஜயண்ட்ஸ், சிகாகோ பேர்ஸ் போன்றவை நல்ல ஆட்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போயின. பிலடெல்பியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல், தோற்ற அணி முதலில் எடுக்கட்டும் என்று யோசனை சொன்னார். 1936இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டல் அறையில் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் ஆளை எடுத்ததும் பெல்லின் அணிதான்: சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். சம்பளம் ஒத்துவரவில்லை, உரிமையை பேர்ஸ் அணிக்குக் கைமாற்றினார்கள், அங்கும் ஒத்துவரவில்லை. மனிதர் என்.எஃப்.எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

ஆகவே இதில் அணிக்குக் கிடைப்பது ஆள் அல்ல, அந்த ஆளோடு பேசும் உரிமை மட்டுமே. 'ஏலம்' போட்டால் ஆளையே வாங்கிவிட்டதாக ஆகிவிடும்.

மதுரை மாணாக்கன் எழுதியது:

தம்பி 'வரைவு' என்று எழுதிவிட்டு அதைத் தாமே கேலி செய்கிறார். நெஞ்சு பொறுக்கவில்லை.

சட்ட வரைவு, தீர்மான வரைவு எல்லாம் நேற்று வந்தவை. அகத்திணையில் வரைவு என்றால் மணம். பலருள் ஒருவரை 'இவர் எமக்குரியர்' என்று வரையறுத்துக்கொள்வதால் அப்பெயர். எப்போது மணப்பாய் என்று தோழி தலைவனை நெருக்குவது வரைவு கடாதல். அவன் நாள் கடத்துவது வரைவு நீட்டித்தல். முப்பத்திரண்டு அணிகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக உரிமை கொள்ளும் செயலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்காது. கடிகாரம் ஓடும்போது முடிவெடுக்காமல் இழுக்கும் அணி வரைவு நீட்டிக்கிறது. கேலரியில் கூச்சலிடும் ரசிகன் வரைவு கடாவுகிறான்.

யாரும் எடுக்காமல் விட்ட வீரர்கள் இருப்பார்களே, அவர்களை 'வரைவின் வீரர்' எனலாம்.

விளையாட்டுப்பக்கம் எழுதியது:

ஐயா, அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். திருக்குறள் 92ஆம் அதிகாரத்தின் தலைப்பு 'வரைவின் மகளிர்', அதாவது விலைமகளிர். அது ஞாபகம் இருக்கிறவர் யாராவது வழக்குப் போட்டுவிடுவார்.

டல்லாஸ்வாசி எழுதியது:

அதுவும் எங்கள் ஊர் அணியில் ஆடிய டோனி ரோமோ 2003இல் யாரும் எடுக்காமல் வந்து சேர்ந்தவர். டல்லாஸில் இருந்துகொண்டு அவரை அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

டொராண்டோ அக்கா எழுதியது:

நீங்கள் எல்லோரும் 'தேர்வு' என்று சொல்லப் போகிறீர்கள் என்று காத்திருந்தேன், நல்லகாலம் ஒருவரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் சோதனைக்கும் தேர்வு, ஆளை எடுப்பதற்கும் தேர்வு. 'மாதிரித் தேர்வு' என்று பொத்தானில் போட்டால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை பயந்து தொலைபேசியை மூடிவிடும்.

எங்களிடம் இதற்கு 'தெரிவு' இருக்கிறது. தெரிவுக்குழு, தெரிவாளர், தெரிவு செய்யப்பட்டார் என்று இலங்கைப் பத்திரிகைகளில் நாள்தோறும் வருவதுதானே. கனடாவிலும் சி.எஃப்.எல். என்ற கால்பந்து லீக்கின் டிராஃப்ட் நடக்கிறது, நான் என் பிள்ளைகளிடம் 'தெரிவு' என்றே கதைக்கிறேன். அவர்களுக்கு விளங்குகிறது. கொச்சைத் தமிழும் இல்லை, நிகண்டைத் தூக்கவும் தேவையில்லை.

மதுரை மாணாக்கன் எழுதியது:

தங்கை சொல்வதில் நியாயம் உண்டு. தெரிதல் என்றால் ஆராய்ந்து கொள்ளுதல். தெரிநிலை வினை என்று இலக்கணத்தில் வெளிப்படக் காட்டுவதற்கும் அதுவே. தேர்தல், தெரிதல், தெளிதல் மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று நான் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறேன். 'தெள்' என்னும் அடி 'தெர்' ஆகி, கொழித்தெடுக்கும் வினையைக் குறித்து... (மீதியைத் தனி மடலில் அனுப்புகிறேன், நீளமாகிவிட்டது.)

கொங்குநாடன் எழுதியது:

இத்தனை நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். இந்த விளையாட்டை நாம் எல்லோரும் சின்ன வயதில் ஆடியிருக்கிறோம் என்பது யாருக்கும் தோன்றவில்லையா? சடுகுடுவுக்கு முன்னால் 'உத்தி பிரித்தல்'. இரண்டு பேர் தோளில் கைபோட்டுக்கொண்டு தள்ளிப் போவார்கள், ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். 'ரோசாப்பூ வேணுமா, மல்லிகைப்பூ வேணுமா?' தாச்சி, அதாவது அணித்தலைவன், ஒன்றைச் சொல்வான், அந்த ஆள் அவன் பக்கம். அப்புறம் அடுத்த தாச்சியின் முறை. முறைவைத்து ஆளெடுப்பதற்குத் தமிழில் உயிரோடு இருக்கிற சொல் இது ஒன்றுதான். டிராஃப்ட் = உத்தி பிரிப்பு.

மதுரை மாணாக்கன் எழுதியது:

அருமை! நன்னூல் பாயிரம் நூலுக்கு 'எண்ணான்கு உத்தி' என்கிறது. எண்ணான்கு முப்பத்திரண்டு. அணிகளும் முப்பத்திரண்டு! இது தற்செயலா?

விளையாட்டுப்பக்கம் எழுதியது:

தற்செயல்தான் ஐயா. 2001இல் 31 அணிகள்தான் இருந்தன.

உத்தி பிரிப்பில் சிக்கல் ஒன்று உண்டு. பூவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தாச்சிக்குத் தெரியாது. இங்கே ஒவ்வொரு பையனின் உயரம், எடை, நாற்பது கஜ ஓட்ட நேரம், உள்ளங்கை அளவு வரை இண்டியானாபொலிஸில் வைத்து அளந்துவிடுகிறார்கள். அதோடு இன்று 'உத்தி' என்றால் வாசகன் வியூகம் என்றுதான் படிப்பான்.

மட்டுறுத்துநர் எழுதியது:

நண்பர்களே, நாளை வியாழன். டிராஃப்டுக்கு 'தெரிவு' என்று வைத்துக்கொண்டு மேலே போகலாமா? 'மாக்' பாக்கி இருக்கிறது.

கொங்குநாடன் எழுதியது:

'போலி' வேண்டாம். முகம் முகன் ஆவது கடைப்போலி, அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் இன்று போலி என்றால் போலி டாக்டர்தான். 'ஒத்திகை'?

டல்லாஸ்வாசி எழுதியது:

ஒத்திகை என்றால் நடிக்கப் போகிறவரே முன்கூட்டி நடித்துப் பார்ப்பது. அணிகள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு செய்வதற்கு வேண்டுமானால் பொருந்தும். நான் கேட்பது வெளியே இருப்பவன் போடும் கணக்கு. அது பலிப்பதைவிடப் பொய்ப்பதுதான் அதிகம்.

2024இல் அட்லாண்டா பால்கன்ஸ் மார்ச் மாதம்தான் கிர்க் கசின்ஸ் என்ற குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) நான்காண்டுக்கு 18 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பிடித்தார்கள். குவாட்டர்பேக் கவலை தீர்ந்தது, எதிரணிக் குவாட்டர்பேக்கை விரட்டிப் பிடிக்கும் தடுப்பாளர்தான் வேண்டும் என்று பட்டியல் போட்டவர்களில் பெரும்பாலோர் எழுதினார்கள். ஏப்ரலில் எட்டாவது வாய்ப்பு வந்தது. எடுத்தது மைக்கேல் பெனிக்ஸ், இன்னொரு குவாட்டர்பேக். 2025இல் ஷெடூர் சாண்டர்ஸை எத்தனையோ பேர் முதல் சுற்றில் வைத்தார்கள். ஐந்தாம் சுற்றில், 144ஆவது ஆளாக கிளீவ்லண்ட் எடுத்தது. அவர்கள் மூன்றாம் சுற்றிலேயே வேறொரு குவாட்டர்பேக்கை எடுத்திருந்தார்கள்!

மதுரை மாணாக்கன் எழுதியது:

அப்படியானால் 'கணி'. பூங்குன்றனார் கணியன். வேங்கை மரத்துக்கும் கணி என்று பெயர். அது பூத்தால் தினை அறுக்கும் காலம், வரைவுக்குரிய காலம். வரைவு எப்போது என்று சொல்வதால் மரமே சோதிடன் ஆகிவிட்டது. ஆகவே மாக் டிராஃப்ட் 'வரைவுக்கணிப்பு', அதைப் போடுபவர் 'வரைவுக்கணி'. 1984 முதல் தொலைக்காட்சியில் இதைச் செய்துவரும் மெல் கைப்பர் என்பவரைப் பற்றிப் பேரன் சொன்னான். அவர் அமெரிக்க வரைவுக்கணி.

விளையாட்டுப்பக்கம் எழுதியது:

சொல் அழகு. செயலியைத் திறப்பவன் வரன் பார்க்கும் செயலி என்று நினைத்து ஜாதகத்தை ஏற்றுவான்.

நாங்கள் பக்கம் கட்டும்போது ஆட்டத்துக்கு முந்தின நாள் 'உத்தேச அணி' என்று போடுவோம். நாளைக்கு யார் ஆடுவார்கள் என்று நிருபர் நினைக்கும் பதினோரு பேர். பொய்த்தாலும் யாரும் கோபிப்பதில்லை, உத்தேசம்தானே. மாக் டிராஃப்டுக்கு 'உத்தேசத் தெரிவு'.

கொங்குநாடன் எழுதியது:

உத்தேசம் வடசொல். அதற்கு நான் ஒப்ப மாட்டேன். 'ஊகம்' போடலாம்.

டொராண்டோ அக்கா எழுதியது:

தம்பி, ஊகமும் வடசொல்தான். சண்டை பிடிப்பதற்கு முதல் அகராதியைப் பாருங்கோ.

கொங்குநாடன் எழுதியது:

சரி, ஊகமும் வேண்டாம். 'முன்தெரிவு'?

டல்லாஸ்வாசி எழுதியது:

முன்தெரிவு என்றால் முன்னாலேயே எடுத்துவிட்டதாக ஆகும். 'உத்தேசத் தெரிவு' எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி 'டீம் நீட்ஸ்'. 'காலியிடம்' என்று எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. 2025இல் டல்லாஸில் ஜாக் மார்ட்டின் ஓய்வு பெற்றார், முன்வரிசையில் கார்டு இடம் நிஜமாகவே காலி. பன்னிரண்டாவது வாய்ப்பில் டைலர் புக்கரை எடுத்து அடைத்தார்கள். ஆனால் பந்து பிடிக்கும் ரிசீவர் இடத்தில் ஆள் இருந்தும் போதவில்லை. அதுவும் 'நீட்'தான். அதை டிராஃப்டின் முதல் சுற்றில் தொடாமல், மே மாதம் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஜார்ஜ் பிக்கன்ஸை மாற்றிக்கொண்டு வந்து சரிக்கட்டினார்கள். காலி வேறு, போதாமை வேறு.

மதுரை மாணாக்கன் எழுதியது:

வள்ளுவர் இருக்கக் கவலை ஏன்? 'இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்.' முதலில் 'இதனை', அப்புறம்தான் 'இவன்'. வேலை முன்னே, ஆள் பின்னே. தேவையைப் பார்த்து எடுப்பதுதான் தமிழ் நெறி.

விளையாட்டுப்பக்கம் எழுதியது:

கிரீன்பே பேக்கர்ஸ் அந்த அதிகாரத்தைப் படிக்கவில்லை போலிருக்கிறது. 2005இல் குவாட்டர்பேக்காக பிரெட் ஃபாவ்ர் ஆடிக்கொண்டிருந்தபோதே 24ஆவது வாய்ப்பில் அதே இடத்துக்கு ஆரன் ராஜர்ஸை எடுத்தார்கள். 2020இல் ராஜர்ஸ் ஆடிக்கொண்டிருந்தபோதே வேறு வாய்ப்புகளைக் கொடுத்து வரிசையில் மேலே ஏறி வந்து 26ஆவது வாய்ப்பில் மறுபடி அதே இடத்துக்கு ஜோர்டன் லவ்வை எடுத்தார்கள். இரண்டு தடவையும் அன்றைக்கு அந்த இடத்தில் தேவையே இல்லை. மீதி இருப்பவர்களில் ஆகச் சிறந்தவனை எடு, இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு நெறி. உத்தேசப் பட்டியல் போடுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். அவர்கள் இந்த வருடத்து ஓட்டையை அடைக்கிறார்கள், மேலாளர் மூன்று வருடம் கழித்து வரப்போகும் ஓட்டையைப் பார்க்கிறார்.

சொல்லுக்கு வருவோம். 'தேவை' போதும். யாரும் தடுக்கி விழ மாட்டார்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

தெரிவு, உத்தேசத் தெரிவு, அணியின் தேவை. 'தெரிவு' முதல் முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே 'டிராஃப்ட்' என்றும் இருக்கட்டும். மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லவும்.

டொராண்டோ அக்கா எழுதியது:

சம்மதம்.

கொங்குநாடன் எழுதியது:

உத்தேசத்துக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்யவும். மற்றவற்றுக்குச் சம்மதம்.

மதுரை மாணாக்கன் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் என் கலைச்சொல் பட்டியலில் வரைவுக்கணிப்பு என்றே இருக்கும், பேரனிடமும் அப்படித்தான் சொல்வேன்.

டல்லாஸ்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி, அனுப்பிவிட்டேன். 'உத்தேசத் தெரிவு' பொத்தானில் அடங்கவில்லை, கடைசியில் 'உத்தேசம்' என்று மட்டும் வைத்தேன். இப்போது வடிவமைப்பாளர் இன்னொன்று கேட்கிறார். 2023இல் கரோலைனா முதல் வாய்ப்புக்காக டி.ஜே. மூர் என்ற வீரரையும் தன் அடுத்த வருடத்து முதல் சுற்று வாய்ப்பையும் வேறு சில வாய்ப்புகளையும் சிகாகோவுக்குக் கொடுத்தது. அந்த அடுத்த வருடத்து வாய்ப்பே 2024இல் முதலிடமாக வந்து, சிகாகோ காலெப் வில்லியம்ஸை எடுத்தது. இப்படி வாய்ப்புகளைக் கொடுத்து வரிசையில் மேலே ஏறுவதற்கு ஒரு வினைச்சொல் வேண்டுமாம்.

மட்டுறுத்துநர் எழுதியது:

அதற்குப் புது இழை தொடங்குங்கள்.

மதுரை மாணாக்கன் எழுதியது:

பண்டமாற்றில் 'நொடுத்தல்' என்றொரு வினை உண்டு...