போன் வந்தால் ஹாட்ஸ்பாட் நின்றுவிடுகிறது, ஏன்?

ஆத்தூர்க்காரன்:
ஊருக்கு வந்தால் அம்மா போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு யாராவது கூப்பிட்டால் போதும், மேலே 4ஜி மறைந்து 'ஈ' என்று வருகிறது, என் லேப்டாப்பில் நெட் நின்றுவிடுகிறது, பேசி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்புகிறது. என் போனிலும் அதே கம்பெனி சிம்தான், அதில் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, வாட்ஸ்அப்பில் பேசினால் குரல் விட்டு விட்டு வருகிறது, சாதாரண கால் தெளிவாக இருக்கிறது. இரண்டும் 4ஜியில்தானே போகிறது?

கோபுரம்:
அம்மா போனில் வோல்ட்டி (VoLTE), அதாவது 4ஜியிலேயே காலை டேட்டாவாக அனுப்பும் வசதி, ஓடவில்லை. பழைய மாதிரி கால் பேசும் வழியே 4ஜியில் கிடையாது, அங்கே எல்லாமே டேட்டாதான். அதனால் வோல்ட்டி இல்லாத போனுக்குக் கால் வந்தால் நெட்வொர்க் அதை 2ஜிக்கோ 3ஜிக்கோ இறக்கிவிடும். அந்த 'ஈ' 2ஜியின் அடையாளம், அதில் பேசும்போது பொதுவாக நெட் ஓடாது. 2016ல் ஜியோ 2ஜி, 3ஜி இல்லாமலே வந்ததால், வோல்ட்டி இல்லாத 4ஜி போன் வைத்திருந்தவர்கள் தனியாக ஒரு ஆப் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. செட்டிங்கில் சிம் பகுதிக்குள் போய்ப் பாருங்கள், 'வோல்ட்டி' அல்லது '4ஜி காலிங்' என்று இருக்கும்.

மழைச்சாரல்:
வாட்ஸ்அப் விஷயம் நான் சொல்கிறேன். இரண்டிலும் குரலைத் துண்டு துண்டாக்கித்தான் அனுப்புகிறார்கள், வோல்ட்டியில் ஒரு துண்டு 20 மில்லிசெகண்ட், அதாவது நொடிக்கு 50. வாட்ஸ்அப் துண்டுகள் பக்கத்து வீட்டு யூடியூப் வீடியோவோடு ஒரே வரிசையில் நிற்கின்றன, கூட்டம் சேர்ந்தால் பிந்தி வரும், பிந்தி வந்த குரலை வைத்து என்ன செய்வது? வோல்ட்டி காலுக்கு மட்டும் நெட்வொர்க்கே தனிப் பாதை போட்டு, குறைந்தபட்ச வேகத்தையும் ஒதுக்கி வைக்கிறது. நொடிக்கு 13 கிலோபிட் அளவு இருந்தாலே நல்ல குரல் வந்துவிடும். பழைய காலில் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி வெட்டப்படும், இதில் 7000 வரை வரும். ஈமெயில் முகவரி சொல்லும்போது 'எஸ்ஸா எஃப்ஃபா' என்று திரும்பத் திரும்பக் கேட்போமே, அது இதில் ரொம்பக் குறையும், ஆனால் எதிர்முனை போனிலும் வோல்ட்டி இருக்க வேண்டும்.

ஆத்தூர்க்காரன்:
டேட்டாவில் போகிறது என்றால் அம்மாவின் தினசரி டேட்டா கழியுமா? அவர் பாதி நேரம் டேட்டாவை அணைத்தே வைத்திருப்பார்.

கோபுரம்:
கழியாது, கால் கணக்கில்தான் சேரும். டேட்டாவை அணைத்தாலும் அந்தத் தனி இணைப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும், பயப்படாதீர்கள்.

தென்றல்77:
என் 5ஜி போனிலும் கால் வந்தால் 4ஜி என்று மாறுகிறதே, அதுவும் பழுதா?

மழைச்சாரல்:
இல்லை. 5ஜியிலேயே குரலை அனுப்பும் வசதி அந்த இடத்தில் இல்லையென்றால், காலை 4ஜிக்கு இறக்கி வோல்ட்டியில் விடுவார்கள். நெட் அறுந்துபோகாது, வேகம் மட்டும் குறையும்.

ஆத்தூர்க்காரன்:
அந்தப் பட்டன் அணைந்துதான் இருந்தது. போட்டுவிட்டு அத்தையைக் கூப்பிடச் சொன்னேன், அம்மா 10 நிமிடம் பேசினார், லேப்டாப்பில் ஃபைல் இறங்கிக்கொண்டே இருந்தது. ரொம்ப நன்றி.