ராத்திரி முழுக்க ஆனில் இருந்தால் ஹேங் ஆகும் லேப்டாப், உதவி தேவை

வணக்கம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து எழுதுகிறேன். தங்கச்சி தன் ப்ராஜெக்ட் வேலையை ராத்திரி லேப்டாப்பில் ஓட விட்டுத் தூங்கினால், காலையில் அது ஹேங் ஆகி நிற்கிறது. விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். திரை தெரியும், ஆனால் கடிகாரம் நடுராத்திரி நேரத்திலேயே நின்றிருக்கும், மவுஸ் அசையாது, கேப்ஸ் லாக் விளக்குகூட மாறாது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால்தான் உண்டு. பகலில் நாள் முழுக்க ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை, அதனால் சூடு காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். ஸ்லீப்பை நெவர் என்று வைத்தும் பார்த்தாச்சு. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பிழைக்குறிப்பு மட்டும்தான் இருக்கிறது, அது வலுக்கட்டாயமாக அணைத்ததைச் சொல்லுமே தவிர ஏன் நின்றது என்று சொல்லாது. அடுத்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டுவதா, டிஸ்ப்ளே டிரைவரை மாற்றுவதா, இல்லை எஸ்எஸ்டியைப் பார்ப்பதா? சமர்ப்பிக்கும் நாள் நெருங்குகிறது, ரொம்பத் தவிக்கிறாள். இதைச் சரிசெய்தவர்கள் எதில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.