டயாலிசிஸ் வாசலில் காத்திருக்கிறவளுக்குப் பக்குவம் எப்போது வரும்?

கெடிலக்கரை:
பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரருக்கு இரண்டு வருடமாக டயாலிசிஸ். வாரம் 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். தண்ணீர் அளந்துதான். காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவேன், காபி குடித்தாலும் ரசம் ஊற்றினாலும் அதில் கழியும். சீசனில் தெருவெல்லாம் பலாப்பழ வாசனை. பொட்டாசியம் ஏறிவிடும் என்று அவருக்கு ஒரு சுளை கூடக் கொடுப்பதில்லை. போன வாரம் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் நாலு சுளை தின்றேன். அழுகையாக வந்தது.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "சாமி சோதிச்சுத்தான் பக்குவப்படுத்தும்" என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. பிரதோஷம் தவறாமல் திருவதிகை சிவன் கோயிலுக்குப் போனவள், ஆறு மாதமாகப் போகவில்லை. நான் மட்டும்தான் இப்படியா?

சைக்கிள்கடை:
பத்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் அக்கா, எல்லாம் சரியாகிவிடும்.

பழைய கண்டக்டர்:
தம்பி, சும்மா இரு. தங்கச்சி, என் வீட்டம்மாவுக்கு ஐந்து வருடம் டயாலிசிஸ். இப்போது அவள் இல்லை. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருப்பார்களே, தினமும் அதில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார் நர்ஸ். ரத்தம் ஓடுகிற அதிர்வு தெரியும். இல்லையென்றால் உடனே கிளம்பி வரணும். பஸ் ஓடும்போது ஜன்னல் கம்பியில் கை வைத்தால் ஒரு நடுக்கம் வருமே, அதே மாதிரி. விடிந்ததும் முதல் வேலை அதுதான், விளக்கு ஏற்றுவதெல்லாம் அப்புறம். முப்பது வருடம் சாமி கும்பிட்டவன் நான். கை கூப்பியிருக்கும், மனசு கலெக்‌ஷன் கணக்கில் இருக்கும். அந்த அரை நிமிடம் மட்டும் வேறெதுவும் நினைத்ததில்லை.

பக்குவமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதே வருடம்தான் ஒரு டம்ளர் மோருக்காக அவளைக் கத்தினேன்.

தேவார வகுப்பு:
அம்மா, நீங்கள் போகாமல் இருக்கிற அதே கோயிலுக்குத்தான் 7ஆம் நூற்றாண்டில் அப்பர் சூலை என்கிற கொடிய வயிற்று வலியோடு வந்தார். அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்து அழைத்துப் போனார். அங்கே பாடிய முதல் பாட்டு முழுக்க முறையீடு. என்ன கொடுமை செய்தேன் என்று தெரியவில்லை, குடலை முடக்குகிறது, "ஆற்றேன்" என்கிறார். கோபத்தோடும் அந்தச் சன்னதிக்குப் போகலாம்.

பழைய கண்டக்டர்:
அவருக்கு நோய் தீர்ந்தது தம்பி. இந்த அம்மா வீட்டில் நாளைக்கும் ஊசி உண்டு. அதையும் சேர்த்துச் சொல்லணும்.

தேவார வகுப்பு:
உண்மைதான் ஐயா. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

கெடிலக்கரை:
கோயிலுக்கு இன்னும் போகவில்லை. அதிர்வை இத்தனை நாள் அவரேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், எனக்கு அது தெரியவே தெரியாது. இன்று காலையில் நான் விரல் வைத்தேன். "என்ன தேடுற?" என்றார். கை எடுக்காமலே பலாச்சுளை தின்ற கதையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எந்தத் தோப்புப் பழம்?" என்று கேட்டார்.