பச்சைச் சீட்டு இல்லாமல் கார் வரி கட்டுவது எப்படி? (இங்கிலாந்து)

2018 நிசான் லீஃப், லெஸ்டரில் தனியாரிடம் வாங்கியது. விற்றவர் பெயர் மாற்றத்தை ஆன்லைனில் முடித்துவிட்டார், ஆனால் லாக் புக்கில் (வண்டிப் பதிவுப் பத்திரம்) வாங்குபவருக்குக் கிழித்துத் தரும் பச்சைச் சீட்டைத் தரவில்லை. இப்போது போனும் எடுப்பதில்லை. புது லாக் புக் தபாலில் இன்னும் வரவில்லை.

2014 அக்டோபரில் வரி கட்டியதைக் காட்டக் கண்ணாடியில் ஒட்டும் வட்டச் சீட்டோடு, மிச்ச வரி வாங்குபவருக்கு வரும் வழக்கமும் போய்விட்டது. 2025 ஏப்ரலிலிருந்து மின்சாரக் காருக்கும் வரி உண்டு.

பார்த்தவை: ஆன்லைனில் சீட்டின் 12 இலக்க எண் கேட்கிறது. விற்றவருக்கு வந்த வரி நினைவூட்டல் கடிதத்தின் 16 இலக்க எண்ணை ஏற்கவில்லை. வண்டி தெருவில் நிற்பதால் ஸோர்ன் (வண்டி பொதுச் சாலையில் இல்லை என்ற அறிவிப்பு) போடவும் வழியில்லை. வரி இல்லை என்று சக்கரத்துக்குக் கிளாம்ப் (பூட்டு) போட்டால் அது வேறு செலவு.

வி62 படிவமும் (லாக் புக் கேட்கும் விண்ணப்பம்) 25 பவுண்டும் கொடுத்தால் போஸ்ட் ஆபீஸ் கவுண்டரிலேயே அன்றே வரியும் கட்ட முடியுமா?