பன்றிக்கு வைத்த குறி, ஆள் மீது பாய்ந்த குண்டு: எந்தப் பிரிவு பொருந்தும்?

வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் குற்றவியல் வழக்கறிஞர் யாராவது இருந்தால் வழிகாட்டுங்கள். சொந்த ஊருக்குப் போன அக்காவின் கணவர், காட்டுப்பன்றி என்று நினைத்து இருட்டில் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டதில், கூடப் போன நண்பரே இறந்துவிட்டார். (போகாதீர்கள் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள், யார் கேட்டார்கள்?)

வேட்டையும் உரிமமில்லாத துப்பாக்கியும் தனிக் குற்றங்கள், மறுக்கவில்லை. அதனாலேயே, சட்டப்படியான செயலுக்கு மட்டும் கிடைக்கும் ‘விபத்து’ விலக்கு (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 18) எங்களுக்குக் கிடைக்காது. ஆனால் பிரிவு 105-இல் (கொலை ஆகாத, மரணம் விளைவிக்கும் குற்றம்) ஏன் வழக்குப் போட்டிருக்கிறார்கள்? கோழியைத் திருடுவதற்காகச் சுட்டவன், புதருக்குப் பின்னால் ஆள் இருப்பதை அறியாமல் கொன்றுவிட்டால் அது மரணம் விளைவிக்கும் குற்றமே (culpable homicide) ஆகாது என்று பிரிவு 100-இன் எடுத்துக்காட்டே சொல்கிறதே! கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான 106(1) என்றால் அதிகபட்சம் 5 ஆண்டு சிறைதான்.

இதை ஜாமீன் மனுவிலேயே எழுப்பலாமா, குற்றப்பத்திரிகை வரும்வரை பொறுக்க வேண்டுமா?