சங்கத்தின் பழைய கணினிகள்: தகவலை முழுவதும் அழிக்க முடியவில்லை (அவசர உதவி)

சாட்ஸ்வர்த் செயலாளர்
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் எங்கள் சங்க அலுவலகத்தின் பழைய கணினிகளை வரும் சனிக்கிழமை வார இறுதித் தமிழ் வகுப்புக்குக் கொடுப்பதென்று செயற்குழுவில் முடிவு செய்துவிட்டோம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத இந்தப் பெட்டிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிப் பிள்ளைகளுக்குத் தட்டச்சுப் பழக்கலாம் என்பது திட்டம். மரண உதவி நிதியின் உறுப்பினர் பட்டியல், அடையாள எண்கள், வங்கிக் கணக்கு விவரங்கள் எல்லாம் இவற்றில்தான் இருந்தன. கோப்புகளை நீக்கி, விரைவு ஃபார்மட்டும் செய்த பிறகு, உறுப்பினர் ஒருவரின் மகன் ஏதோ ஒரு மீட்பு மென்பொருளை ஓட்டிப் பாதிப் பட்டியலை என் கண் முன்னாலேயே திரும்ப எடுத்துக் காட்டினான். அதனால் எல்லாரும் பரிந்துரைக்கும் அழிப்பு மென்பொருளை யுஎஸ்பி-யில் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் அது துவங்கவே இல்லை; இன்னொன்றில் வட்டே இல்லை என்கிறது. என்ன செய்யலாம்? உடனே சொல்லவும்.

மெரிபேங்க் வாசி
எந்த மென்பொருள்? எத்தனை கணினிகள்? உள்ளே இருப்பது சுழலும் வன்தட்டா, சுழலாமல் சில்லில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டி-யா? இவற்றைச் சொல்லாமல் யாராலும் சரியான வழி சொல்ல முடியாது.

டர்பன் பழையவர்
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்துவிட்டது; தேடிப் பார்க்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. தம்பி, விரைவு ஃபார்மட் என்பது பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு வீட்டைக் காலி செய்ததாக நினைப்பது. கோப்புகளின் அட்டவணை மட்டும் புதிதாகிறது, உள்ளிருக்கும் தகவல் அப்படியே கிடக்கிறது. நான் வங்கிகளுக்குச் சேவை செய்த காலத்தில் 35 முறை மேலெழுதாமல், அதாவது பழையதன் மேல் வேறு தகவலை எழுதி மறைக்காமல், எந்த வட்டையும் வெளியே விட்டதில்லை. அதையே செய்யுங்கள்.

பீனிக்ஸ் பழுதுபார்ப்பவர்
ஐயா சொல்லும் 35 முறை, 1996-இல் பீட்டர் குட்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைய வட்டுகளில் தகவலைக் குறியேற்றிய பல்வேறு முறைகளையும் சேர்த்து அவர் வகுத்த வரிசை அது. இன்றைய வட்டுக்கு அத்தனையும் தேவையில்லை என்று பின்னர் அவரே எழுதிவிட்டார். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2014-இல் வெளியிட்ட, தகவல் அழிப்புக்கான 800-88 வழிகாட்டியின் முதல் திருத்தமும், சுழலும் வன்தட்டுக்கு முழுப் பரப்பிலும் ஒரு முறை மேலெழுதினால் ஆய்வகக் கருவிகளாலும் பொதுவாக மீட்க முடியாது என்றே சொல்கிறது. 500 ஜிபி பழைய வட்டில் ஒரு சுற்றுக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும்போது, 35 சுற்று என்றால் மூன்று நாள் பெட்டியை ஓடவிட வேண்டும், சனிக்கிழமை வந்துவிடும்.

செயலாளர் அவர்களே, நீங்கள் ஓட்டியது டிபான் என்ற அழிப்பு மென்பொருள் என்று ஊகிக்கிறேன். அதன் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் மட்டும் துவங்கும் கணினிகளில் அது எழும்பாது. என்விஎம்இ என்ற புதுவகை இணைப்புள்ள எஸ்எஸ்டி அதன் கண்ணுக்கே தெரியாது. உங்கள் இரண்டு அறிகுறிகளும் அதோடு பொருந்துகின்றன.

மாரிட்ஸ்பர்க் தச்சர்
இவ்வளவு யோசனை எதற்கு? வட்டைக் கழற்றித் துளைபோடும் இயந்திரத்தால் நான்கு துளை போட்டுவிட்டால் முடிந்தது.

லெனேசியா ஆசிரியை
அந்தக் கணினிகள் பிள்ளைகளின் வகுப்புக்குப் போகின்றன என்பதைக் கேள்வியிலேயே எழுதியிருக்கிறார்களே, ஐயா. வட்டு இல்லாத பெட்டியைக் கொடுத்தால், புது வட்டு வாங்க வகுப்பு நடத்துபவர்கள்தான் மறுபடியும் நன்கொடைத் தட்டை ஏந்த வேண்டும். மடிக்கணினியாக இருந்தால் அதில் லித்தியம் மின்கலம் இருப்பதையும் மறக்க வேண்டாம். துளைப்பான் அதில் பட்டால் தீப்பிடிக்கும்.

செயலாளரிடம் ஒரு கேள்வி: அழிப்பதற்கு முன் பட்டியலின் நகலை எடுத்துவிட்டீர்களா? மரண உதவி நிதி என்றால் வாரிசு விவரங்கள் நாளைக்கும் வேண்டுமல்லவா?

டர்பன் பழையவர்
நிஸ்ட் வழிகாட்டியை எனக்கே பாடம் எடுக்கிறார்கள். அதிகம் எழுதுவதால் யாருக்கு என்ன நட்டம்? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கார்ஃபிங்கெலும் ஷெலாட்டும் பழைய வட்டுகள் 158 வாங்கிச் சோதித்து, 2003-இல் வெளியிட்ட முடிவைப் படித்துவிட்டு வந்து பேசுங்கள். 5,000-க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள் அவற்றில் கிடைத்தன.

பீனிக்ஸ் பழுதுபார்ப்பவர்
படித்திருக்கிறேன், ஐயா. அந்த எண்கள் கிடைத்தது, வட்டுகளை விற்றவர்களில் பலர் ஒருமுறைகூட ஒழுங்காக மேலெழுதாததால்தான். ஒரு முறை எழுதிய வட்டிலிருந்து அவர்கள் எதையும் மீட்டதாக அதில் இல்லை. எஸ்எஸ்டி-யில் உங்கள் முறையால் நட்டமும் உண்டு. அதன் கட்டுப்பாட்டுச் சில்லு, தேய்மானத்தைப் பகிர்ந்துவிடுவதற்காக ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதுகிறது. கணினிக்குக் காட்டாத ஒதுக்கிடமும் அதில் இருக்கிறது. ஆகையால் 35 முறை எழுதினாலும் பழைய தகவலின் சில துண்டுகள் தங்கிவிடக்கூடும். சில்லின் ஆயுள்தான் குறையும்.

மெரிபேங்க் வாசி
சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது போபியா, சங்கங்களையும் கட்டுப்படுத்தும். மீண்டும் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வடிவில் மீட்க முடியாதபடி தகவலை அழிக்க வேண்டும் என்று அதன் 14-ஆம் பிரிவு சொல்கிறது. அபராதம் 1 கோடி ரேண்ட் வரை போகலாம். நம் அடையாள எண்ணின் 13 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த தேதி. பெயரும் வங்கிக் கணக்கும் அதோடு சேர்ந்து கிடைத்தால், திருடனுக்கு வேறென்ன வேண்டும்? மீட்டுக் காட்டிய பையனிடம் நகல் ஏதும் தங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சாட்ஸ்வர்த் செயலாளர்
மன்னிக்கவும், வேலைக்குப் போயிருந்தேன். நகல் எடுத்தாயிற்று, தலைவர் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. மேசைக்கணினி இரண்டு, மடிக்கணினி ஒன்று. மென்பொருள் டிபான்தான். மேசைக்கணினி ஒன்றில் அது ஓடுகிறது, மற்றதில் துவங்கவில்லை. வட்டு தெரியவில்லை என்பது மடிக்கணினியில். உள்ளே என்ன வட்டு என்று எனக்குப் பார்க்கத் தெரியாது. எங்கள் தெருவில் கேபிள் திருட்டால் மின்சாரம் அடிக்கடி போய்விடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பீனிக்ஸ் பழுதுபார்ப்பவர்
கடைசியில் சொன்னீர்களே, அதுதான் முக்கியமானது.

துவங்காத மேசைக்கணினிக்கு டிபானை விட்டுவிட்டு ஷ்ரெட்ஓஎஸ் என்பதை யுஎஸ்பி-யில் ஏற்றுங்கள். டிபானின் அழிப்பு நிரலிலிருந்து கிளைத்த என்வைப் அதனுள் இருக்கிறது, யூஇஎஃப்ஐ-யிலும் துவங்கும். சுழலும் வன்தட்டாக இருந்தால் பூச்சியங்களால் ஒரு சுற்றும், முடிவில் சரிபார்ப்பும் போதும். நடுவில் மின்சாரம் போனால் வட்டுக்குக் கேடில்லை, மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் சரி. வட்டு டிக்டிக் என்று ஒலித்தாலோ, எழுத முடியாத பகுதிகள் இருப்பதாகப் பிழை வந்தாலோ, அதை வகுப்புக்குக் கொடுக்காதீர்கள். தச்சர் ஐயாவின் துளைப்பான் அதற்குத்தான்.

மடிக்கணினியில் முதலில் பயாஸுக்குள் (கணினி துவங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) போய்ச் சேமிப்பகம் ரெய்ட் என்ற, பல வட்டுகளைச் சேர்த்துக் கையாளும் முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏஹெச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றுங்கள். ரெய்டில் இருக்கும்வரை லினக்ஸிலும் அந்த வட்டு பெரும்பாலும் தெரியாது. அலுவலகப் பயன்பாட்டுக்கான பல மாதிரிகளில் வட்டை அழிக்கும் வசதி பயாஸிலேயே உண்டு. எஸ்எஸ்டி-க்கு அதுவே எளிய வழி. இல்லையென்றால் லினக்ஸிலிருந்து, என்விஎம்இ என்றால் அதற்குரிய ஃபார்மட் கட்டளையைப் பாதுகாப்பு அழிப்புத் தெரிவோடு கொடுக்க வேண்டும்; சாட்டா என்ற பழைய இணைப்புள்ள எஸ்எஸ்டி என்றால், வட்டே தன்னை அழித்துக்கொள்ளச் சொல்லும் செக்யூர் இரேஸ் கட்டளை. இந்தச் செக்யூர் இரேஸுக்கு முன் வட்டுக்கு ஒரு கடவுச்சொல் வைக்க வேண்டியிருக்கும். பாதியில் மின்சாரம் போனால் வட்டு பூட்டிய நிலையில் நின்றுவிடக்கூடும். ஆகவே அந்தச் சொல்லைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, மின்கலத்தில் போதிய சார்ஜ் இருக்கும்போதே தொடங்குங்கள். வட்டு உறைநிலையில் (அழிப்புக் கட்டளையை ஏற்காத நிலையில்) இருப்பதாகச் செய்தி வந்தால், கணினியை ஒருமுறை தூங்கவிட்டு எழுப்பினால் பெரும்பாலும் விலகிவிடும்.

டர்பன் பழையவர்
எஸ்எஸ்டி-யின் சொந்தக் கட்டளையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தினர் 2011-இல் சோதித்தபோது, சில தயாரிப்புகளில் அந்தக் கட்டளையே சரியாக இயங்கவில்லை. முடிந்த பின் அதே பையனை அழைத்து, அதே மீட்பு மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள்.

பீனிக்ஸ் பழுதுபார்ப்பவர்
இதில் ஐயாவோடு எனக்கு வாதமே இல்லை. மீட்பு மென்பொருள் ஒதுக்கிடத்தைப் பார்க்காது. ஆனாலும் கட்டளை அறவே இயங்கவில்லை என்றால் அதில் தெரிந்துவிடும்.

மாரிட்ஸ்பர்க் தச்சர்
துளைத்த வட்டை வீட்டுக் குப்பையில் போடலாமா?

மெரிபேங்க் வாசி
கூடாது. மின்னணுக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டுவதற்கு 2021 ஆகஸ்டு முதல் நாட்டில் தடை இருக்கிறது. மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

லெனேசியா ஆசிரியை
சங்கத்தில் பெரிய நகலெடுக்கும் இயந்திரம் இருக்கிறதா? அவற்றில் பலவற்றின் உள்ளேயும் வன்தட்டு உண்டு. நகலெடுத்த அடையாள அட்டைகளின் படங்கள் அதில் தங்கியிருக்கலாம்.

சாட்ஸ்வர்த் செயலாளர்
மடிக்கணினி முடிந்தது, பையன் ஓட்டிப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை. மேசைக்கணினிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அனைவருக்கும் நன்றி.

லெனேசியா ஆசிரியை
நகலெடுக்கும் இயந்திரம்?

டோங்காட் புதியவர்
வணக்கம். எனக்கும் இதே சிக்கல்தான். மடிக்கணினியில் வட்டு தெரியவில்லை. செயலாளர் ஐயா, நீங்கள் பயாஸிலிருந்து அழித்தீர்களா, லினக்ஸிலிருந்தா?

பீனிக்ஸ் பழுதுபார்ப்பவர்
அவர் வரும்வரை: எந்த மாதிரி, என்ன வட்டு, எந்த மென்பொருள்?