நல்ல சமாரியன் கதை: மூன்றாம் வகுப்பில் நீதியை மட்டும் ஒப்பிக்கிறார்கள்

கேள்வி: மறைக்கல்வி பீரியட் 35 நிமிடம். பைபிளில் லூக்கா 10:25-37 கதையை (கள்ளர் அடித்துப் போட்ட ஒருவரைப் பார்த்தும் ஆலயக் குருவான ஆசாரியனும் ஆலயப் பணியாளனான லேவியனும் விலகிப் போக, ஒரு சமாரியன் கட்டுப்போட்டுச் சத்திரத்தில் சேர்க்கிறான்) சொல்லி முடித்ததுமே "எல்லாருக்கும் உதவணும் மிஸ்" என்று கோரஸாகச் சொல்லிவிடுகிறார்கள். அதற்குமேல் நகரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: யூதருக்கும் சமாரியருக்கும் ஆகாது என்பதை முதலிலேயே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள், மிஸ். அது தெரியாவிட்டால் சமாரியன் வெறும் நல்லவன், கதையில் உறைப்பே இருக்காது. கதைக்கு 8 நிமிடம் போதும். லேவியன் விலகிப் போனதும் நிறுத்தி, "அடுத்து வருவது யார்?" என்று ஊகிக்க விடுங்கள்.

பதில் 2: நடிக்கவும் விடலாம். ஆனால் கள்ளர் அடிக்கும் காட்சி வேண்டவே வேண்டாம், பாதி பீரியட் அதிலேயே போய்விடும்! அடிபட்டவர் கிடப்பதிலிருந்து தொடங்குங்கள். கட்டுப்போட ஒரு துணி, சத்திரக்காரனுக்கு இரண்டு காசு, அவ்வளவுதான் சாமான். முடிந்ததும் ஆசாரியனாக நடித்த பிள்ளையிடம் "ஏன் நிற்கவில்லை?" என்று கேளுங்கள். "பயம்", "நேரமில்லை" என்றெல்லாம் வரும். உடனே திருத்தாமல் பலகையில் எழுதி, எந்தக் காரணம் நமக்கும் வரும் என்று பேச விடுங்கள்.

பதில் 3: பிற மதப் பிள்ளைகள் இருந்தால் "நாம் நம்புகிறோம்" என்பதைவிட "கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள்" என்பது நல்லது. தேர்வில் "நீதி என்ன?" என்று கேட்காதீர்கள், மனப்பாடம்தான் வரும். சத்திரக்காரன் பார்வையில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்.